கெர்னல் சொன்ன சேதி

திருகோணமலைத் துறைமுகத்தருகே ஓர் அலுவலகக் கணினிக்குள் கெர்னல் என்றொரு உள்மேலாளர் இருந்தது. கணினியில் எதை இணைத்தாலும் எதைக் கழற்றினாலும், நடப்பதை எழுதிவைக்கும் பதிவுச்சேவையிடம் ஓடிப்போய்க் கோள் சொல்வது அதன் வேலை. சண்டை மறுபடி மூண்ட வருடத்தில், தினமும் காலையில் அது ஒரே சேதியைச் சொன்னது: ஆனந்தராசாவின் விசைப்பலகை இணைக்கப்பட்டது.

ஆனந்தராசா, விமானப்படைத் தளமிருந்த சீனன்குடாவுக்குப் போய்த் திரும்பாதவன். அவனுடைய விசைப்பலகை லிங்கநகர் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அங்கே வைத்துப் பூட்டியவள் மனைவி புஷ்பவதி. அந்தக் கணினியைப் பராமரிப்பவளும் அவள்தான். காலையில் அந்த வரியை வாசித்த பிறகே மற்ற வேலையைத் தொடுவாள்.

ஒருநாள் அந்த வரியைக் கண்ட மேலதிகாரி கனகசுந்தரம் கழுத்துப்பட்டியை இறுக்கினார். "பிள்ளை, இது தேசியப் பாதுகாப்பு விசயம்." தேத்தண்ணிக்குச் சீனி குறைந்தாலும் அவருக்கு அது தேசியப் பாதுகாப்புத்தான். "கெர்னலின்ர வாயைப் பொத்துங்கோ."

"வாயைப் பொத்த ஏலாது சேர். பதிவுச்சேவைக்குப் போற வழியைத்தான் மறிக்கலாம்."

"மறியுங்கோ! றோட்டுச் சென்றியில ஆமி மறிக்கிற மாதிரி."

ஆனந்தராசாவிடமிருந்து வந்த ஒரே சேதியைப் புஷ்பவதி தன் கையாலேயே மறித்தாள். மறுநாள் பதிவு வெறுமையாகக் கிடந்தது. கனகசுந்தரம் தன் வெற்றியைத் தொலைபேசியில் கொழும்புக்கு அறிவித்தார்.

பின்னேரம் வீடு வந்தவள் அலுமாரியைத் திறந்தாள். எதிலும் இணைக்காத விசைப்பலகையில் சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வந்திட்டியளோ? மறிச்சதுக்குக் கோவியாதேங்கோ" என்றாள் விளக்கைப் பார்த்து.

கதவைச் சாத்தாமல் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். அவன் குடிக்கிறபடியே சீனி போடாத கோப்பையை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.