மேபலின் முழுத் தொகுப்பு

அவள் நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அட்டையை மறுபடி பார்த்தாள்.

மேபல் சவரிமுத்து. முழுத் தொகுப்பு. 1983 – 2017.

கண்ணாடியில் கோளாறு ஒன்றும் இல்லை.

அட்டையில் இருபத்தாறு வயது மேபல் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். உள்ளே நான்கு சிடி. இத்தனை வருடம் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடியது எல்லாம் அதில் இருந்தது. கன்ட்ரி ராக் என்கிற அமெரிக்கக் கிதார்ப் பாட்டைத் தமிழில் பாடினால் எவன் கேட்பான் என்று சிரித்தவர்கள் போய்ச் சேர்ந்தாயிற்று. அவளைக் கேட்டுத்தான் கிதார் தூக்கினோம் என்கிற பிள்ளைகள் இன்று சாயங்காலம் இந்தப் பெங்களூர் அரங்கில் அவள் பாட்டைப் பாடப்போகிறார்கள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசியில் சால்வை போர்த்துவார்கள்.

நல்ல மரியாதைதான். யார் இல்லை என்றார்கள்?

ஆனால் அட்டையில் கோட்டுக்குப் பிறகு போட்டிருந்த அந்த இரண்டாவது வருடம்!

2017இல் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், கூடவே மேல்குரலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது அடிக்குரல், அதுவும் கரகரவென்று. போனில் பேசினால் “சொல்லுங்க சார்” என்கிறார்கள்.

அதற்காக?

கோலார் தங்கவயல் கல்லறைத் தோட்டத்தில் அவள் புருஷனுக்குக் கல் வைத்தபோது, பக்கத்திலேயே அவள் பெயரையும் வெட்டினார்கள். அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். பிறந்த வருடம் போட்டு, ஒரு கோடு இழுத்து, அதற்கு மேல் கல்லைச் சும்மா விட்டுவிடுவார்கள். கல் வெட்டுகிறவர்கூட அந்த இடத்தில் கை வைக்க மாட்டார்.

இந்த சிடி கம்பெனிக்காரர்கள் முடிவு வருடத்தையே அச்சடித்துவிட்டார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனி மேனேஜர் நிரஞ்சன் கையெழுத்துக்காக ஒரு பெட்டி நிறையத் தொகுப்புகளை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் ஒன்றை எடுத்தாள். 2017ஐப் பேனாவால் அழுத்தி அடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

பாதிப் பெட்டி முடிந்தபோது நிரஞ்சன் உள்ளே வந்தார்.

“மேடம், என்ன பண்றீங்க? அது பிரிண்ட்டுல வந்தது!”

“தப்பா வந்துக்கீது. திருத்துறேன்.”

இன்னொன்றை அடித்துவிட்டு, இன்று தானும் ஒரு பாட்டுப் பாடுவதாகச் சொன்னாள்.

நிரஞ்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். “வேண்டாம் மேடம். ஜனங்க மனசுல அந்தக் குரல் அப்படியே இருக்கட்டுமே.”

பாவம், பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

இன்று வாயை மூடிக்கொண்டு சால்வையை வாங்கிவிட்டால், இனி ஒருவரும் அவளைப் பாடக் கூப்பிட மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். கடைசியாக வந்த பெண், மேபல் இனி எட்டவே முடியாத உச்சியில் போய் நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு இறங்கினாள். கேட்கக் கேட்க மேபலுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். நிரஞ்சன் சால்வையை விரித்துக்கொண்டு வந்தார்.

அவள் அதைக் கையிலேயே வாங்கி நாற்காலி முதுகில் போட்டாள். அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

“கிதாரக் குடுமா.”

மைக் முன்னால் நின்று ஒவ்வொரு கம்பியாகச் சுருதியை இறக்கினாள்.

கூட்டத்துக்கு எதிரில் சுருதி இறக்கக் கூடாது என்பது அந்தக் காலப் பாடகர்களின் வீம்பு. குரல் கம்மிவிட்டால் திரைக்குப் பின்னால் போய் இறக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல வருவார்கள். அவளும் அப்படி வந்தவள்தான். இப்போது முழு வெளிச்சத்தில், ஸ்பீக்கரில் கம்பி முனகுவது எல்லோருக்கும் கேட்க, நிதானமாகத் திருகினாள். கம்பிகள் தொளதொளவென்று ஆகும்வரை இறக்கினாள்.

கூட்டம் பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

அவள் அதைப் பாடவில்லை. அந்த நான்கு சிடியில் இருந்த எதையும் பாடவில்லை.

*விடிஞ்சா உப்புத் தண்ணி*
*தொண்டையில ஒரு சண்டை…*

ஜல்லி கொட்டுவது போல வந்தது குரல். முன்வரிசையில் ஒரு அம்மாள் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. அவள் இருமினாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த அடியைத் திரும்ப முதலிலிருந்து எடுத்தாள்.

இந்தத் தடவை நின்றது.

குனிந்த தலை நிமிர்ந்தது. பின்னால் யாரோ தொடையில் தாளம் போட்டார்கள். அந்தப் பெண் மேடையை விட்டுப் போகாமல், பாட்டையே மறந்தவளாக மேபலின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது சரணத்தின் நடுவில் மேபல் நிறுத்தினாள்.

அவ்வளவுதான், குரல் போய்விட்டது என்று அரங்கில் நினைத்தார்கள். இரக்கப்பட்டு ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அங்கங்கே நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“தட்டாதீங்க. குரலுக்கு ஒண்ணும் ஆவல. பாட்டு இப்பத்திக்கு இவ்ளோதான் எழுதிக்கீறேன்.”

கிதாரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். படியிறங்கி, நடுவழியாக நடந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ஒருவரும் கைதட்டவில்லை.

எழுந்து போகவும் இல்லை.