ஸ்டிக்கருக்கு அடியில் சிவப்பு

“அதைத் தொடாதேன்னு சொன்னனல்ல—”

“எரியுதுங்க, அடியில—”

“ஒட்டு முதல்ல. ஒட்டு புள்ள!”

“லைட்டு எரியறது தெரியக் கூடாதுன்னா கண்ணை மூடிட்டு ஓட்டுங்க. இன்னும் சுலுவு!”

குழந்தையம்மாள் உரித்த ஸ்டிக்கர் அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பனியனில் ஒட்டுகிற சைஸ் ஸ்டிக்கர். எக்ஸெல். அது மூடியிருந்த இடத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், சிவப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி.

பிரேக் லைட்டு.

மூணாறு போய்விட்டுத் திரும்பும் வழியில், வேன் மறையூரைத் தாண்டி மலை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

“பஞ்சு அடைச்ச லைட்டு இது. பொய் லைட்டு,” என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆத்தப்பன்.

“இது என்ன நூலுங்களா, அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம்னு இருக்க?”

அவள் புருஷன் ஆத்தப்பன் வாழ்நாளெல்லாம் பனியன் துணிக்கு நிட்டிங் மிஷின் ஓட்டியவர். நூல் அறுந்தால் மிஷின் நின்று, தலைமாட்டில் சிவப்பு லைட்டு எரியும். பாதி நேரம் நூல் அறுந்திருக்காது. சென்சாரில் பஞ்சு அடைத்திருக்கும். ஊதிப் பார்ப்பார்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். எந்த ஷெட்டிலும் அப்படித்தான். லைட்டுக்குப் பயந்தால் ஆர்டர் போய்ச் சேருமா?

மிஷின்களை மகனிடம் விட்ட பிறகு வாங்கியது இந்த வேன். கம்பெனிக்கு ஆள் ஏற்றிக் கிழடாகிப் போனது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், பாத்திரம் கழுவத் தொட்டி வைத்தார். மூணாறு போகோணும், வண்டியிலேயே படுத்துத் தூங்கோணும். அவ்வளவுதான் ஆசை.

முன்னெல்லாம் அதற்குத்தான் இந்த லைட்டு விடவில்லை.

ஒரு தடவை குடிமங்கலத்தில் எரிந்தது. திரும்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு தடவை உடுமலை தாண்டியதும் எரிந்தது. பல்லடத்து மெக்கானிக் பாண்டித்துரையிடம் கொண்டுபோய் நிறுத்தினால் சமர்த்தாக அணைந்திருக்கும்.

“ஆயிலும் சரியா இருக்கு, ஒயரும் சரியா இருக்கு. வண்டி உங்ககிட்ட விளையாடுது அண்ணாச்சி,” என்று சிரித்தான் அவன்.

ஆத்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை புறப்படும்போதே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். இனி எரிந்தாலும் ஒன்று, அணைந்தாலும் ஒன்று.

“ஏறறப்ப வண்டி நல்லாத்தான வந்துது?”

“ஏறறப்ப எதுக்குங்க பிரேக்கு?”

“அட, கம்முனு வா புள்ள.”

“கம்முனுதான் வந்தேன். கருகுன வாசம் வந்துது, உரிச்சுப் பாத்தேன். துணி மேல அயர்ன் பாக்ஸை மறந்த மாதிரி. உங்களுக்கு வரலீங்களா?”

“முன்னால போற லாரி.”

முன்னால் லாரி எதுவும் இல்லை.

மலை ஏறும்போது அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். போன வருஷம் ஷெட்டில் கண் இருட்டி, மிஷின் ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டவர். பசி மயக்கம் என்று சொல்லி அந்தப் பேச்சையே அடக்கிவிட்டார். ஆஸ்பத்திரி என்றால் எரிந்து விழுவார். வண்டி ஓட்ட வேண்டாம் என்றால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அந்தக் கண் ஒரு வளைவில் இருட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவளுக்கு இத்தனை நாளும் இருந்த பயம்.

இப்போது அந்தக் கண்கள் அகலத் திறந்திருந்தன. அது இன்னும் பயமாக இருந்தது.

வளைவு வந்தது.

அவர் கால் பெடலை அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது. அடுத்த அழுத்தில் பெடல் அடித்தகரத்தில் போய் ‘டக்’கென்று இடித்தது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது. பின்னால் டம்ளர்கள் உருண்டு வந்து அவள் சீட்டில் மோதின. பாறையை உரசிக்கொண்டு சைடு கண்ணாடி போயிற்று. வண்டி எப்படியோ வளைவில் திரும்பிவிட்டது. திரும்பின இடத்தில் இன்னும் செங்குத்தாக இறங்கியது ரோடு. அதன் கடைசியில் அடுத்த வளைவு தெரிந்தது.

“ஹேண்ட்பிரேக்கை இழு! என்னால கை எடுக்க முடியாது. இழு புள்ள!”

இரண்டு சீட்டுக்கும் நடுவே தாழ்ந்து கிடந்த கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

இழுக்க இழுக்க வந்தது. உள்ளே எல்லாம் தேய்ந்து தீர்ந்துபோனது போல, எதையும் பிடிக்காமல், மேலே வரைக்கும் வந்து நின்றது.

அவள் அந்தக் கம்பியையே பார்த்தாள்.

“ஏனுங்க,” என்றாள், “உங்களுக்குக் கண்ணு இருட்டீருமோன்னு பயந்துட்டு, போன தடவையெல்லாம் இதை ஒரு பல்லு தூக்கி உட்டு லைட்டை எரிய வெச்சது நான்தானுங்க. இன்னைக்கு நான் தொடவே இல்லீங்க.”