தாளாளரின் பெயர் சூட்டிய பூச்சி

குளத்தில் மல்லாந்து நீந்தும் பூச்சி கடிக்கும். அதே ஜாடையில் கடிக்காத புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, கல்லூரித் தாளாளரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார் பேராசிரியர் சிதம்பரதாணு. கடிக்காது என்பதற்கு ஆதாரம், அது அவரைக் கடித்ததில்லை என்பதுதான். இடுக்கியில்லாமல் அவர் அதைத் தொட்டதுமில்லை. பாராட்டு விழா மேடையில், கழுத்து நிறைய மாலையோடு தாளாளர் கையை நீட்டினார்.

"என் பேரு வச்ச பிள்ளைய கையில விடும் வேய், பாப்போம்."

விட்டார். சற்று நேரத்தில் தாளாளரின் கண்கள் கலங்கின. நெகிழ்ந்துவிட்டார் என்று கூட்டம் கைதட்டியது. சிரித்த முகம் மாறாமல் அவர் பேராசிரியரின் காதருகே குனிந்தார்.

"தேள் கொட்டுன மாதிரி இருக்கு. இனி நீரே பிடியும்."

பூச்சி கை மாறியது. சுரீரென்றது. தான் பெயர் வைத்தது எந்தப் பூச்சிக்கு என்று அந்த ஒரே கடியில் சிதம்பரதாணுவுக்கு விளங்கிவிட்டது. காதுமடல் வரை சுட்டது. ஆனாலும் சிரித்தார். அதற்குள் முன்வரிசை மாணவிகள் மேடையேறிவிட்டார்கள்.

"கடிக்காதுல்ல சார்? எனக்கும் ஒரு தடவ தாங்க," என்று முதலில் வந்தவள் உள்ளங்கையை விரித்தாள்.

ஒலிவாங்கி அவர் வாய்க்கு நேரே இருந்தது. சிதம்பரதாணு பூச்சியோடு சேர்த்துக் கையை இறுக மூடிக்கொண்டார்.