மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

“இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு காலை வைங்க மேடம். போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

மாநிலப் போலீஸ்காரன் ஹார்லன் பிக்ஸ் பணிவாகத்தான் சொன்னான். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தான்.

“பன்னெண்டு மணி அடிக்கட்டும் தம்பி, ரெண்டு காலையும் வைக்கிறேன்” என்றாள் லொரெய்ன் டிட்வெல்.

வெர்னாவின் சாப்பாட்டுக் கடைக்கு நடுவே, தரையில் கையகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. மாநில எல்லை. லொரெய்ன் உட்கார்ந்திருந்த மூலை மேசை பக்கத்து மாநிலம். ஹார்லனின் மேசை சொந்த மாநிலம். அவன் அதிகாரம் கோட்டோடு சரி.

லொரெய்ன் அந்த ஊரின் சட்டமன்ற உறுப்பினர். நூறு பேர் கொண்ட சபையில் அறுபத்தேழு பேராவது உட்கார்ந்திருந்தால்தான் மசோதாவை ஓட்டுக்கு விடலாம் என்று மாநில அரசியல் சாசனம் சொல்கிறது. ஆளுங்கட்சிக்கு அறுபத்தாறு பேர்தான். சபைக்கு வராதவர்களைப் போலீஸை விட்டுப் பிடித்துவரச் சொல்லச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மாநில எல்லைக்குள் மட்டும்தான். அதனால் எதிர்க்கட்சிக்காரர்கள் முந்தாநாளே கூண்டோடு எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவள் லொரெய்ன். காலை எட்டரை மணிக்குத் தன் காருக்குப் பின்னால் போலீஸ் வண்டி வருவதைப் பார்த்ததும், காரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடிவந்து கோட்டைத் தாண்டி உட்கார்ந்தவள்தான்.

அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சபையில் உட்காரவைத்தால் எண்ணிக்கை சரியாகிவிடும். மசோதா நிறைவேறும். ஊரின் ஒரே ஆஸ்பத்திரிக்குப் பூட்டு. அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூறு மைல் தள்ளி. மதியம் பன்னிரண்டு மணியோடு கூட்டத்தொடர் முடிகிறது. அதுவரை தாக்குப்பிடித்தால் மசோதாவுக்குச் சமாதி.

தாக்குப்பிடிப்பதில்தான் சிக்கல். வாசல், சமையலறை, கழிப்பறை, எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஹார்லன் இருந்த பக்கம். லொரெய்னோ பதற்றத்தில் நாலு கப் காபி குடித்துத் தொலைத்திருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் காபி ஊத்தவா?” என்று வந்தாள் வெர்னா.

“நீ அவன்கிட்ட சம்பளம் வாங்கறியா?”

வெர்னா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மணி பதினொன்று. லொரெய்ன் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்ரூம் காலியாத்தான் இருக்கு மேடம்” என்றான் ஹார்லன்.

“உன் அம்மா உன்னை இப்படித்தான் வளத்தாளா?”

“சும்மா தகவலுக்குச் சொன்னேன்.”

“ஸ்கூல் மைதானத்துல ஹெலிகாப்டரை நிறுத்தி வெச்சிருக்கீங்களாமே. ஒரு கிழவியைத் தூக்கிட்டுப் போக அவ்வளவு செலவா?”

“இருபது நிமிஷத்துல கொண்டுவந்து சேக்கணும்னு சபாநாயகர் உத்தரவு.”

“நான் என்ன திருடினேனா? கொலை பண்ணேனா? ஏம்ப்பா, உங்க வீட்டுல யாருக்குமே உடம்புக்கு வராதா? நெஞ்சுவலின்னா தொண்ணூறு மைல் ஓட்டிட்டுப் போவியா?”

ஹார்லன் தட்டிலிருந்த ‘ஆப்பிள் பை’ பலகாரத்தை முள்கரண்டியால் குத்தினான். “சட்டம் போடறது நீங்க. புடிச்சுட்டு வர்றதுதான் எங்க வேலை.”

போன வருஷம் மாற்றலாகி வந்தவன். ஊர் ஜனங்களைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று லொரெய்னுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் போன் அடித்தது. எதிர்முனையில் யாரோ கத்துவது லொரெய்னுக்கே கேட்டது.

“இல்ல சார்... எதிர்லதான் உக்காந்திருக்காங்க... கோட்டைத் தாண்டவே மாட்டேங்கறாங்க சார்... சரிங்க சார், கண்ணை எடுக்காம பாத்துட்டிருக்கேன்.”

பதினொன்று நாற்பதுக்கு, இனிப் பிடித்தும் புண்ணியமில்லை என்று ஹெலிகாப்டர் வெறுமனே கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அப்போதும் லொரெய்ன் நகரவில்லை.

“அதான் போயிடுச்சே மேடம். இன்னும் ஏன் அவஸ்தைப்படறீங்க?”

“உங்க சபாநாயகர் கடிகாரத்தையே நிறுத்தி வெச்சாலும் வெப்பார். சுத்தியலைத் தட்டட்டும், எழுந்திருக்கிறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த டிவியையே பார்த்தாள். பன்னிரண்டு. சபாநாயகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுத்தியலைத் தட்டினார். போதிய உறுப்பினர்கள் வராததால் மசோதா காலாவதி. கூட்டத்தொடர் முடிந்தது.

லொரெய்ன் கைப்பையைக்கூட எடுக்காமல் கோட்டைத் தாண்டி ஓடினாள்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரி பிழைத்தது, தானும் பிழைத்தாள். ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். இப்போது அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

“மனசுல வெச்சுக்காதே தம்பி. உன் வேலையை நீ பாத்தே. பாவம், இந்தக் கோடு உன்னைத் தடுத்துடுச்சு.”

“அந்தக் கோடு டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்க வெர்னாவோட அப்பா போட்டது மேடம். ஆறு மாசம் முன்னாடி சர்வேக்காரங்க வந்து அளந்தப்போ பாதுகாப்புக்கு நின்னது நான்தான். நிஜ எல்லை பின்னாடி சோளக்காட்டுல போகுது. இந்தக் கடை மொத்தமும் நம்ம மாநிலம்தான்.”

லொரெய்ன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ காலையிலேயே என்னை...”

“என் பெண்டாட்டிக்கு இது ஒன்பதாவது மாசம் மேடம்” என்றான் ஹார்லன், தொப்பியை மாட்டிக்கொண்டே. “உங்க ஆஸ்பத்திரியிலதான் காட்டிட்டிருக்கோம்.”