இடது இமை

சீட்டாட்டத்தின் கடைசிக் கையில் செபநாயகத்தின் இடது கண் மூடித் திறந்தது. எதிரே இருந்த கூட்டாளி எமில்ராஜ் உடனே துரும்பை இறக்கினார். மூன்று வருடமாக ஏய்த்துக்கொண்டிருந்த பரிசு, கொழுத்த வெள்ளடியன் சேவல், கைக்கு வந்த மாதிரித்தான்.

எதிரணியில் இருந்த நீக்கிலாப்பிள்ளை காட்ஸை மேசையில் போட்டார். "கூட்டாளிக்குக் கண் காட்டிப்போட்டார். நான் பாத்தனான்."

சனசமூக நிலையம் இரண்டுபட்டது. முந்நூற்றிநாலு ஆட்டத்தில் கண் காட்டினால் வெற்றி பறிபோகும், ஊரில் தலைகாட்டவும் முடியாது. செபநாயகம் வாயில் ஊறிய எச்சிலை லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு நடுவே இரண்டு தரம் கக்கூசுக்கு ஓடிவந்த களைப்பு வேறு.

அவருடைய மனைவி யசிந்தா விடுவாரா? கிளினிக் கொப்பியோடு நடுவில் வந்து நின்றார். "இவருக்கு இமை தானாய் விழுற வருத்தம். எழுதிக் கிடக்கு, வாசியுங்கோ."

நடுவராக இருந்த ஜெனிற்றா ரீச்சர் வாசித்தார். உண்மைதான். நரம்பு அனுப்பும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் தசையில் சரியாகப் பிடிக்காததால் இமை சரிகிறதாம். அது அழிந்துபோகாமல் காக்கத்தான் குளிசை. குளிசை வேலை செய்யும்போது இமை நிமிர்ந்து நிற்கும், ஆனால் அதே அசற்றைல்கோலின் எச்சிலையும் குடலையும் சேர்த்துக் கிளப்பிவிடும், மனுசன் படுகிற பாடு தனக்குத்தான் தெரியும் என்று யசிந்தா மூக்கைச் சிந்தினார்.

நீக்கிலாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. வருத்தக்காரனைக் கள்ளன் என்றுவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டு, சேவலைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தார்.

வீட்டில் சேவல் முற்றத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. யசிந்தாவுக்கு மட்டும் சந்தோஷமே இல்லை. குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்திலேயே இமை விழுந்ததென்றால் வருத்தம் முற்றிவிட்டது என்று பயந்தார்.

"நாளைக்கே டொக்டரிட்டைச் சொல்லிக் குளிசையை இரண்டு மடங்காக் கூட்டுவம்."

மூன்றாம் தரம் கக்கூசுக்குப் போய்க்கொண்டிருந்த செபநாயகம் அப்படியே நின்றார். இரண்டு மடங்கென்றால் இனி அங்கேதான் குடியிருக்க வேண்டும். மனைவியின் கலங்கிய கண்களைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"வேண்டாமப்பா. இமை விழயில்லை, நான்தான் கண் காட்டினனான்."