பிளாஷை அணைத்த படம்

குளியலறைச் சுவரின் ஈரம் இந்தப் பக்கத்துத் தையல் அறையில் பாய் அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. தைத்து மாட்டிய துணியெல்லாம் பூஞ்சை நாற்றம். தையல்காரி தன் சின்ன டிஜிட்டல் கேமராவால் அதைப் படம் எடுக்கிறாள். பிளாஷ் பளீரென்று அடிக்கிறது. திரையில் சுவர் நேற்றுத்தான் வெள்ளையடித்தது போல அப்பாவியாக நிற்கிறது. "பாத்தியாம்மா, ஈரம் கீரம் ஒண்ணும் இல்லன்னு உன் கேமராவே சொல்லுது," என்கிறார் கதவருகில் நிற்கும், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஷை அணைத்து மறுபடி எடுக்கிறாள். வெளிச்சம் போதாததால் கையின் சிறு அசைவிலேயே படம் கலங்கிவிடுகிறது. அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அவள் தையல் மிஷினைச் சுவருக்கு நேராக இழுத்துப்போட்டு, அதன் மேல் கேமராவை நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டுக் கையை எடுக்கிறாள். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்குகிறது. "எங்க இருக்கு ஈரம்? இதோ, நானே தொட்டுக் காட்டுறேன்," என்று முன்னால் வந்து உள்ளங்கையைச் சுவரில் அழுத்துகிறார். ஊறிய பூச்சு பொதுக்கென்று உள்வாங்க, விரலிடுக்கில் பிதுங்கிய தண்ணீர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்குகிறது. கிளிக். இந்த முறை எதுவும் ஆடவில்லை. படத்தில் ஒவ்வொரு சொட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. "அத அழிச்சிரும்மா," என்கிறார் கையை உதறியபடி. அவள் திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "மொதல்ல சுவத்துல இருக்கறத நீங்க அழிங்க சார். அப்புறம் இத நான் அழிக்கிறேன்."