ஒதுக்கிய மூன்று கதைகள்

தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்காக மாதுங்காக் கடைக்காரர் கொண்டுவந்து பரப்பிய கதைப் புத்தகங்களில் மூன்றை மட்டும் ஜான்சி டீச்சர் ஒதுக்கி வைத்தாள்.

"படமெல்லாம் அழகா இருக்கே, ஏன் வேண்டாங்கீங்க?" என்றார் தலைமையாசிரியர் ரமேஷ்குமார்.

"எழுத்து பொடிசா இருக்கு சார்."

"இது?"

"பைண்டிங் நிக்காது."

"மூணாவது? அப்பா வேலை முடிஞ்சு லோக்கல் ரயில் பிடிச்சு வீட்டுக்கு வர்ற கதை. நம்ம பிள்ளைங்க தினம் பாக்குறதுதானே?"

"பிள்ளைங்களுக்குப் பிடிக்காது சார்."

"கமிட்டிக்கு இதையா காரணம்னு சொல்ல முடியும்?"

"நான் சொல்லிக்கிடுதேன் சார்."

கடைக்காரர் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மணி அடித்ததும் மூன்றாம் வகுப்பு முத்துமாரி வந்து, புதுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். போன மாதம்தான் மான்குர்த் பட்டறைத் தீயில் அவள் அப்பா இறந்துபோனார். ஜான்சி ஒதுக்கிய மூன்று கதைகளிலும் கடைசிப் பக்கத்தில் அப்பா வீடு திரும்புவார். அது இந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு பொய்யும்.

"என்ன தேடுதம்மா?"

"அப்பா வீட்டுக்கு வார கதை இருக்கா டீச்சர்?"

"எதுக்கும்மா?" என்றாள் ஜான்சி.

"தம்பிக்கு வாசிச்சுக் காட்டணும். சாயங்காலம் ஆனா வாசல்ல போய் உக்காந்துக்கிடுதான், தூங்கவே வரமாட்டேங்கான். அப்பா வந்துருவாவன்னு நான் சொன்னா நம்பல. புத்தகத்துல வந்துட்டாவன்னா நம்பித் தூங்கிருவான்."